பத்தொன்பதும் ஒன்றும்

மனாமாவில் ஆகஸ்ட் என்றால்
ஜன்னல் கண்ணாடிக்கு வெளிப்பக்கம் வியர்க்கும்.
உள்ளே ஏசி காற்றைப் பிழிந்து உலர்த்திவிடும்.
உலர்ந்த காற்றில் குரோமோசோம்கள் விரியாது,
ஒன்றின்மேல் ஒன்று கிடக்கும்
பூனை உருட்டிய நூல்கண்டாக.
அதனால் துளி விடுமுன்
ஸ்லைடின்மேல் ஒருதரம் மூச்சு விடுகிறேன்.
கையேட்டில் இது இல்லை.
ரோவீனாவும் இப்படித்தான் செய்கிறாள்.
எங்கள் மூச்சு எந்த ரிப்போர்ட்டிலும் வராது.

மாதிரி எண் 4471. எலும்பு மஜ்ஜை.
ஆண். ஒன்பது வயது. முப்பதாம் நாள்.
பெயர் இருந்த இடத்தில் பார்கோடு.

முப்பத்தேழு டிகிரியில் ஒரு நாள் பெருகவிட்டு
இன்று மாலை மருந்து சேர்த்தேன்.
ஒரு செல் இரண்டாகும் நேரம்
நாற்பத்தாறும் நடுவில் வந்து அணிவகுக்கும்;
இருபுறமும் வடம் பிடித்தாயிற்று,
இழுக்க வேண்டியதுதான் பாக்கி.
அந்த வடத்தைத் திரிக்கவே விடாது இந்த மருந்து.
தேர் நிலையிலேயே நிற்கும்,
நான் எண்ணி முடிக்கும்வரை, அதன்பிறகும்.

இம்மருந்தின் பங்காளி ஒன்று
காந்தள் விதைக்குள் இருக்கிறது.
மூலனூர்க்காரிக்கு இதை யாரும் சொல்லவேண்டியதில்லை.
எங்கள் பக்கம் அதற்குக் கண்வலி என்று பேர்.
விதை விலை இறங்கினால்
அப்பா வாட்ஸாப்பில் வெறும் எண்ணை மட்டும் அனுப்புவார்.
காந்தளை விரலுக்கு உவமை சொன்னவர்கள்
நீல நைட்ரைல் கையுறையைப் பார்த்ததில்லை.

முதல் செல்லில் இரண்டு எக்ஸ்.
ஒய் இல்லை.
இரண்டாவதிலும் இல்லை.
நான்காவது வந்தபோது எனக்கு வயிற்றைப் பிசைந்தது:
ட்யூப் மாறிவிட்டதா?
பார்கோடு, பதிவேடு, ஃப்ரிட்ஜின் இரண்டாம் தட்டு,
மறுபடியும் பார்கோடு.
பிறகுதான் படிவத்தைத் திருப்பினேன்.
பின்பக்கம், மங்கிய அச்சில்:
'தானம் அளித்தவர்: சகோதரி, 14.'

குருத்தணு என்கிறோம்.
பனைக்கும் பேரீச்சைக்கும் குருத்து உச்சியில்;
நமக்கு எலும்பின் ஆழத்தில்.
அடையாள அட்டையில் தொழில் என்று ஒரு கட்டம் உண்டே,
அதை நிரப்பாமலே வைத்திருக்கும் செல் அது.
இரண்டாகும்போது பெரும்பாலும்
ஒன்று அங்கேயே தங்கிவிடும், அதே வெற்றுக் கட்டத்தோடு.
மற்றது சிவப்பாகும் வழியில்
உட்கருவையே கழற்றிப் போட்டுவிட்டு ஓடும்,
நூற்றிருபது நாள், ஊர் திரும்பாமல்.
இந்தப் பையனுக்கு அது
பதினைந்து நாளிலேயே அரிவாளாய் வளைந்து
நரம்பில் அடைத்து உடைந்துகொண்டிருந்தது.

அவள் கையில் ஊசி போட்டு ஒரு பை எடுத்திருப்பார்களா,
இடுப்பெலும்பில் துளையிட்டிருப்பார்களா,
படிவத்தில் இல்லை.
பை வெறும் ரத்தக்குழாயில்தான் ஏறியது.
மஜ்ஜைக்கு வழி அவை தாமே கேட்டுப் போயின.
யார் வழிகாட்டினார்கள் என்பதைப்
பரீட்சைக்குப் படித்திருக்கிறேன்;
இரவு இரண்டு மணிக்கு அந்தப் பதில் போதவில்லை.

பத்தொன்பது செல்கள் அக்காவுடையவை.
இருபதாவதில்
ஓரமாக, கமா அளவில், ஒரு ஒய்.

டாக்டர் பதூல் தூக்கக் குரலில் கேட்டார்:
'ஒன்று அவனுடையதா?'
'ஆமாம்.'
'இருக்கட்டும். இடம் இருக்கிறது.'
வைத்துவிட்டார்.

அதை ரிப்போர்ட்டில் எழுத முடியாது.
19, 1 என்று எழுதினேன்.

நான் நிறுத்தியது ட்யூபுக்குள் வந்தவற்றை மட்டும்.
மேல்மாடியில், இரட்டைக் கதவுக்கு அப்பால்,
மற்றவை என்னைக் கேளாமல்
இரண்டாகிக்கொண்டிருக்கும்.

கையுறையைக் கழற்றினேன்.
விரல்நுனிகள் வெளுத்துச் சுருங்கியிருந்தன.
பூ ஒன்றும் ஞாபகம் வரவில்லை.
விளக்கை அணைக்குமுன்
இருபதாவதை இன்னொருதரம் பார்த்தேன்.